அத்தியாயம் 5: எத்தனை பேரில்? – சுகாதாரம் பற்றிய கலந்துரையாடல் வகுப்பை நடத்தும் முறை

இளங்கலை வகுப்பில் வேறு எந்தப் பாடத்துக்கும் இல்லாத ஒரு வசதி உடல்நலமும் மருத்துவச் சேவையும் பற்றிய பாடத்துக்கு உண்டு. இங்கே பேச ஒன்றுமில்லை என்று சொல்லும் மாணவர் இருக்க மாட்டார். நிலவரியைப் பற்றியோ பணவீக்கத்தைப் பற்றியோ கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும் வகுப்பு, மருத்துவமனை என்ற சொல் காதில் விழுந்ததும் வாய் திறந்துவிடும். பாட்டிக்கு வந்த பக்கவாதம், அக்காவின் பிரசவம், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தனியார் மருத்துவமனை போட்ட பில் என்று ஆளுக்கொரு கதை வரும். அந்த வசதியேதான் இந்த வகுப்பின் சிக்கலும். பாடவேளை முழுவதும் கதைகளில் கழிந்து, கடைசி ஐந்து நிமிடத்தில் ‘மக்களிடம் விழிப்புணர்வு வேண்டும்’, ‘அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்ற இரண்டு வாக்கியங்களோடு மணி அடித்துவிடும். எல்லோரும் பேசியிருப்பார்கள். ஆனால் உள்ளே வரும்போது வைத்திருந்த கருத்தை ஒருவரும் மாற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இந்த அத்தியாயம் வலியுறுத்துவது ஒன்றைத்தான். சுகாதாரம் பற்றிய கலந்துரையாடலை எல்லோர் கையிலும் இருக்கும் ஒரே அட்டவணையில் தொடங்க வேண்டும். ஒரு முடிவை எடுக்கச் சொல்லி முடிக்க வேண்டும். இடையே மூன்று கேள்விகளை வரிசை மாறாமல் நடத்திச் செல்வது ஆசிரியரின் வேலை: என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது, என்ன செய்யலாம். இவற்றில் முதல் கேள்விதான் அதிகம் கைவிடப்படுகிறது. அதற்குள் நுழையும் வழி ‘எத்தனை பேரில்?’ என்று கேட்பது. செய்திகளும் மேடைப் பேச்சுகளும் பின்னத்தின் மேல் எண்ணைத்தான் தருகின்றன: இத்தனை பேர் இறந்தார்கள், இத்தனை லட்சம் பேர் பயனடைந்தார்கள். கீழ் எண்ணைத் தேடும் பழக்கம் வந்த மாணவர், அதன்பின் எந்தச் சுகாதாரச் செய்தியையும் பழைய மாதிரி படிக்க மாட்டார்.

பேசவிட்டால் மட்டும் போதாது

மாணவர்கள் செயல்பட்டுக் கற்பது விரிவுரை மட்டும் கேட்பதைவிட மேலானது என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. ஸ்காட் ஃப்ரீமனும் அவருடைய குழுவினரும் 2014-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை ஒன்றாகப் பார்த்தது. விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் 100 பேரில் சுமார் 34 பேர் தோற்றார்கள். விவாதம், குழுப்பணி, வகுப்பிலேயே கணக்குப் போடுவது என்று ஏதாவது ஒன்று இருந்த வகுப்புகளில் 100 பேரில் சுமார் 22 பேர். இது சமூகவியல் வகுப்பிலோ சமூகப்பணி வகுப்பிலோ எடுத்த எண் அல்ல என்பதை மனதில் வைத்துக்கொண்டாலும், திசை தெளிவாகவே இருக்கிறது. ஆனால் இதைக் கொண்டு ‘பேசவிட்டால் கற்பார்கள்’ என்ற முடிவுக்கு வருவது தவறு. அந்த ஆய்வுகளில் இருந்தது ஆசிரியர் திட்டமிட்டுக் கொடுத்த வேலை. வாய்க்கு வந்ததைப் பேசும் நேரம் அல்ல.

திட்டமில்லாத விவாதம் எங்கே சறுக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 1985-இல் ஸ்டாஸர், டைட்டஸ் என்ற இரு உளவியலாளர்கள் செய்த சோதனையில், ஒரு பதவிக்கான வேட்பாளர்களைப் பற்றிய தகவல்களைக் குழு உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். சில தகவல்கள் எல்லோரிடமும் இருந்தன. சில தகவல்கள் ஒருவரிடம் மட்டும் இருந்தன. எல்லாவற்றையும் ஒன்று சேர்த்தால்தான் சிறந்த வேட்பாளர் யாரென்று தெரியும். ஆனால் குழுக்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே பேசித் தீர்த்தன. ஒருவரிடம் மட்டும் இருந்த தகவல் பெரும்பாலும் மேலே வரவேயில்லை. சுகாதார வகுப்பில் எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்தது என்ன? அரசு மருத்துவமனையில் கூட்டம் அதிகம், தனியாரில் செலவு அதிகம். தானாக விட்டால் விவாதம் அந்த இரண்டு வாக்கியங்களைத்தான் சுற்றி வரும்.

ஒரு கதை எண்களை என்ன செய்யும் என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. ஸ்மால், லோவன்ஸ்டீன், ஸ்லோவிக் மூவரும் 2007-இல் வெளியிட்ட சோதனைகளில், பசியால் வாடும் ஒரு சிறுமியின் பெயரும் படமும் கொடுத்து நன்கொடை கேட்டபோது, லட்சக்கணக்கானோரின் பசியைப் பற்றிய புள்ளிவிவரம் கொடுத்துக் கேட்டதைவிட அதிகப் பணம் கிடைத்தது. அந்தச் சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது நன்கொடை குறைந்தது. கதையும் எண்ணும் ஒரே நேரத்தில் மனத்தில் நிற்பது அத்தனை எளிதல்ல என்பதை இது காட்டுகிறது. கண்ணீர் வரவழைத்த ஒரு கதைக்குப் பிறகு ‘சரி, இப்போது அட்டவணையைப் பார்ப்போம்’ என்று ஆசிரியர் சொன்னால், அட்டவணை இரக்கமற்றதாகத் தெரியும். அதைக் காட்டும் ஆசிரியரும் இரக்கமற்றவராகத் தெரிவார். வரிசையை முதலிலேயே மாற்றிவிட்டால் அந்த மோதல் வராது.

முதல் வகுப்புக்கு ஒரு பழைய அட்டவணை

செமஸ்டரின் முதல் கலந்துரையாடலுக்கு யாருடைய அரசியலையும் யாருடைய குடும்பத்தையும் தொடாத ஓர் எடுத்துக்காட்டு நல்லது. 1854-இல் லண்டனில் பரவிய காலராவைப் பற்றி மருத்துவர் ஜான் ஸ்நோ தந்த கணக்கு அதற்குப் பொருந்தும். பிராட் தெருவின் அடிபம்புக் கைப்பிடியைக் கழற்றிய கதையை மாணவர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அதைவிடக் கற்பிக்க ஏற்றது அவருடைய குடிநீர் நிறுவன அட்டவணை. முதலில் மேல் எண்களை மட்டும் கரும்பலகையில் எழுதுங்கள். சதக் அண்ட் வாக்ஸால் நிறுவனத்தின் தண்ணீரைக் குடித்த வீடுகளில் 1,263 இறப்புகள். லாம்பெத் நிறுவனத்தின் தண்ணீரைக் குடித்த வீடுகளில் 98. லண்டனின் மற்றப் பகுதிகளில் 1,422. எங்கே நிலைமை மோசம் என்று கேட்டால், பெரும்பாலோர் கடைசி எண்ணைக் காட்டுவார்கள். இரண்டு நிமிடம் கழித்து வீடுகளின் எண்ணிக்கையை எழுதுங்கள்: முதலாவதற்கு 40,046, இரண்டாவதற்கு 26,107, மற்றப் பகுதிகளுக்கு 2,56,423. பத்தாயிரம் வீடுகளுக்கு எத்தனை இறப்பு என்று மாணவர்களே கைபேசியில் கணக்கிடட்டும். 315, 37, 55 என்ற அளவில் விடை வரும். சற்றுமுன் மோசமாகத் தெரிந்த இடம் சாதாரணமாகிவிடும். முதல் நிறுவனத்தின் வீடுகள் தனியாகத் தெரியும்.

இங்கேயே நிறுத்தினால் பாடம் பாதிதான். அடுத்த கேள்வியை மாணவர்களிடமிருந்தே வரவழைக்க வேண்டும்: இந்த வேறுபாட்டுக்குத் தண்ணீரைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாதா? முதல் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் ஏழைகளாக இருந்திருக்கலாம். நெருக்கமான தெருக்களில் வாழ்ந்திருக்கலாம். இந்த ஐயத்தை மாணவர் எழுப்பும்வரை ஆசிரியர் பொறுத்திருப்பது நல்லது. எழுப்பிய பிறகு, ஸ்நோ அதற்குச் சொன்ன பதிலைக் கொடுக்கலாம். இரு நிறுவனங்களின் குழாய்களும் பல இடங்களில் ஒரே தெருவில் ஓடின. அடுத்தடுத்த வீடுகள் வேறு வேறு நிறுவனத்தின் தண்ணீரைப் பெற்றன. ஏழை, பணக்காரர் என்ற பிரிவு அதில் இல்லை. லாம்பெத் நிறுவனம் 1852-இல் தண்ணீர் எடுக்கும் இடத்தைத் தேம்ஸ் ஆற்றின் மேற்பகுதிக்கு, நகரின் சாக்கடை எட்டாத இடத்துக்கு மாற்றியிருந்தது. மற்றது நகரத்துக்குள்ளேயே எடுத்துக்கொண்டிருந்தது. ஒப்பிடுவதற்கு ஏற்ற இரு குழுக்கள் எப்படி இருக்கும் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது. ‘எத்தனை பேரில்?’ என்ற கேள்விக்குப் பிறகு ‘யாரோடு ஒப்பிட்டு?’ என்ற கேள்வி வரும் என்பது மாணவருக்குப் பதிந்துவிடும்.

ஒரு முழுப் பாடவேளை: சிசேரியன்

அந்தப் பழக்கத்தை நம் காலத்துக்கும் நம் ஊருக்கும் கொண்டுவர, தமிழகத்தில் சிசேரியன் பிரசவங்கள் பற்றிய எண்கள் நல்ல பொருள். 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் நடந்த பிரசவங்களில் 21.5 சதவீதம் சிசேரியன், தமிழகத்தில் 44.9 சதவீதம். தமிழகத்தின் தனியார் மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களில் 63.8 சதவீதம்; அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். 2015–16-இல் நடந்த நான்காவது ஆய்வில் இதே எண்கள் முறையே மாநிலம் முழுவதற்கும் 34.1, தனியாரில் 51.3, அரசில் 26.3. இந்த ஏழு எண்களை ஒரு தாளில் அச்சிட்டு எல்லோருக்கும் கொடுங்கள். முதல் ஏழெட்டு நிமிடம் யாரும் பேச வேண்டாம். தாளில் கண்ட மூன்று உண்மைகளை ஒவ்வொருவரும் எழுத வேண்டும். கருத்து எழுதக் கூடாது, காரணம் எழுதக் கூடாது. இந்த மௌன நேரம் பின்பெஞ்சு மாணவருக்கும் கையில் ஏதோ ஒன்றைக் கொடுக்கிறது. பேசப் பழகியவருக்கும் பழகாதவருக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைக்கிறது.

எழுதியதைப் படிக்கச் சொன்னால், அநேகமாக முதலில் வருவது ‘தனியார் மருத்துவமனைகள்தான் காரணம்’ என்பதாக இருக்கும். அது காரணம், முதல் கேள்விக்கு உரியது அல்ல என்று சொல்லி, கரும்பலகையின் வலது ஓரத்தில் எழுதி வைத்துவிடுங்கள். பிறகு ஒரு கணக்கைக் கொடுங்கள்: தமிழகத்தில் 100 குழந்தைகள் பிறந்தால், அவற்றில் சிசேரியனில் பிறந்தவர்களில் எத்தனை பேர் அரசு மருத்துவமனையில் பிறந்தவர்கள்? மூன்று சதவீதங்களையும் வைத்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம். பிரசவங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அரசு மருத்துவமனைகளில் நடக்கின்றன என்பதும் இந்த எண்களிலிருந்தே வரும். 67 பேரில் 36 சதவீதம் சுமார் 24. எஞ்சிய 33 பேரில் 63.8 சதவீதம் சுமார் 21. ஆக, விகிதம் தனியாரில் மிக அதிகமாக இருந்தாலும், எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்ட சிசேரியன்கள் அரசு மருத்துவமனைகளில் நடக்கின்றன. இரண்டு கூற்றும் ஒரே நேரத்தில் உண்மை. 36, 63.8, 44.9 என்ற மூன்று எண்களுக்கும் கீழ் எண் வேறு வேறு என்பதை உணரும் இடம் இதுதான். வலது ஓரத்தில் எழுதிய ‘தனியார்தான் காரணம்’ என்ற வாக்கியம் இப்போது முழுதும் தவறாகவும் தெரியாது, முழுதும் சரியாகவும் தெரியாது. வகுப்பு வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

இரண்டாம் கேள்விக்கு, ஸ்டாஸரும் டைட்டஸும் கண்ட குறையை மனத்தில் வைத்து, தகவலைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எலியட் ஆரன்ஸன் 1971-இல் டெக்ஸஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் உருவாக்கிய முறை இதற்கு உதவும்: குழுவில் ஒவ்வொருவரிடமும் வேறு வேறு தாள், ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது, படித்துச் சொல்ல வேண்டும். ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஐந்து தாள்கள். முதல் தாளில், உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது: மக்கள்தொகை அளவில் சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு தாய்சேய் இறப்பு மேலும் குறைவதற்குச் சான்றில்லை, ஆனால் குறிப்பிட்ட சதவீதத்தை எட்டுவதைவிடத் தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அறுவை கிடைப்பதே முக்கியம். இரண்டாம் தாளில், மைக்கேல் ராப்ஸன் 2001-இல் வகுத்த பத்துப் பிரிவுகளின் சுருக்கம்: முதல் பிரசவமா, முன்பு சிசேரியன் ஆனவரா, குழந்தையின் தலை கீழே இருக்கிறதா, வலி தானாக வந்ததா என்பனவற்றைக் கொண்டு தாய்மார்களைப் பிரிக்கும் முறை. மூன்றாம் தாளில், சிசேரியன் உயிர் காக்கும் சூழல்களும், அதனால் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி தொடர்பாக வரக்கூடிய ஆபத்துகளும். நான்காம் தாளில் மூன்று மாநிலங்கள்: 2018–20-இல் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்குத் தாய் இறப்பு கேரளத்தில் 19, தெலங்கானாவில் 43, தமிழகத்தில் 54, சிசேரியன் விகிதம் முறையே 38.9, 60.7, 44.9. ஐந்தாம் தாளில், பணம், நேரம், வழக்கு அச்சம், நல்ல நேரம் பார்ப்பது, வலி பற்றிய பயம், மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படும் சிக்கலான பிரசவங்கள் என்று காரணங்களாகச் சொல்லப்படுபவற்றின் பட்டியல், எது எவ்வளவு என்ற கணக்கு இல்லாமல்.

இந்தத் தாள்களை வைத்துப் பேசும்போது மாணவர்கள் விழக்கூடிய குழிகளை ஆசிரியர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். முதலாவது, ‘10 சதவீதம் போதும் என்றால் மீதி 35 சதவீதம் தேவையற்றது’ என்ற கழித்தல் கணக்கு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கூற்று மக்கள்தொகை முழுவதற்கும் உரியது. அதைக் கொண்டு ஒரு தனிப் பெண்ணின் அறுவையைத் தேவையற்றது என்று சொல்ல முடியாது. இரண்டாவது, மூன்று மாநில அட்டவணையில் ஒரு கோடு வரையும் ஆசை. தெலங்கானாவில் சிசேரியன் அதிகம், தாய் இறப்பு தமிழகத்தைவிடக் குறைவு; எனவே சிசேரியன் உயிர் காக்கிறது என்று ஒருவர் சொல்வார். கேரளத்தைக் காட்டி இன்னொருவர் அதற்கு எதிரானதைச் சொல்வார். மூன்று புள்ளிகளைக் கொண்டு இரண்டையும் நிறுவ முடியாது என்பதை அவர்களே கண்டுகொள்ள வேண்டும். மூன்றாவது, அரசையும் தனியாரையும் ஒப்பிடுவது. தனியாருக்குப் போகும் பெண்களின் வயதும் வசதியும் வேறாக இருக்கலாம். அரசின் பெரிய மருத்துவமனைகளுக்குச் சிக்கலான பிரசவங்கள் அனுப்பப்படுகின்றன. ராப்ஸனின் பிரிவுகள் இல்லாமல் இந்த ஒப்பீடு முழுமையடையாது. லண்டனின் ஒரே தெருவில் ஓடிய இரண்டு குழாய்களைப் போன்ற வசதி இங்கே நமக்கு இல்லை என்று ஒரு மாணவர் சொன்னால், முதல் வகுப்பு வீணாகவில்லை.

மூன்றாம் கேள்விக்குக் கடைசிப் பதினைந்து நிமிடத்தை ஒதுக்கி, ஒரு பதவியையும் ஒரு கட்டுப்பாட்டையும் கொடுங்கள். ‘ஒரு மாவட்டத்தின் மருத்துவமனைகளுக்குப் பொறுப்பான அதிகாரி நீங்கள், ஓராண்டுக்குள் ஒரே ஒரு நடவடிக்கைதான் எடுக்க முடியும்.’ வழிகள் நான்கு: ஒவ்வொரு மருத்துவமனையும் தன் சிசேரியன் விகிதத்தை ராப்ஸன் பிரிவுவாரியாக வெளியிட வேண்டும், முதல் பிரசவத்தில் அவசரமில்லாத அறுவைக்கு இரண்டாவது மருத்துவரின் ஒப்புதல் வேண்டும், பிரசவ அறையில் உறவினர் ஒருவர் உடனிருக்க அனுமதியும், பயிற்சி பெற்ற செவிலியர் கூடுதலாகவும் வேண்டும், எதையும் மாற்ற வேண்டாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும், அதனால் யாருக்கு இழப்பு என்று சொல்லியே ஆக வேண்டும். விகிதத்தை வெளியிட்டால், எண்ணைக் குறைத்துக் காட்ட ஆபத்தான பிரசவங்களை வேறு மருத்துவமனைக்குத் தள்ளிவிடலாம். இரண்டாவது ஒப்புதல் இரண்டு மருத்துவர்கள் இல்லாத ஊரில் தாமதமாகும். ‘விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்’ என்பது பட்டியலில் இல்லை, கேட்டாலும் கொடுக்காதீர்கள். யாருக்கும் செலவும் இழப்பும் இல்லாத விடை என்பதால்தான் அது அத்தனை எளிதாக வருகிறது.

எழக்கூடிய மறுப்புகள்

இந்த முறைக்கு வரும் வலுவான மறுப்பு, அனுபவமும் அறிவுதான் என்பது. அரசு மருத்துவமனை வாசலில் இரவு முழுக்கக் காத்திருந்த குடும்பத்திலிருந்து வரும் மாணவிக்குத் தெரிந்தது எந்த அட்டவணையிலும் இல்லை. அவளை முதலில் எண்களைப் பார் என்று சொல்வது, ஏற்கெனவே யாரும் கேட்காத குரலை மீண்டும் பின்னுக்குத் தள்ளுவதாகும் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. அதனால்தான் அனுபவத்தை விலக்கச் சொல்லவில்லை. அதன் இடத்தை மாற்றச் சொல்கிறோம். இரண்டாம் கேள்வியில் அனுபவம் சான்றுக்கு முந்திய ஊகமாக வரலாம். அதைவிட முக்கியமாக, அட்டவணையில் இல்லாத பத்தியை அனுபவம்தான் சுட்டிக்காட்டும். சிசேரியன் விகிதம் சொல்லும் அந்தத் தாள்களில், அறுவைக்கு முன் அந்தப் பெண்ணிடம் யாராவது விளக்கிக் கேட்டார்களா என்ற விவரம் இல்லை. இதைக் கவனிப்பவர் அநேகமாகப் பிரசவ அறை வாசலில் நின்றவராகத்தான் இருப்பார். ‘இந்தத் தாளில் எந்தக் கேள்விக்கு விடை இல்லை?’ என்று ஒவ்வொரு வகுப்பிலும் கேட்பதை வழக்கமாக்கினால், அனுபவம் கதையாகக் கரையாமல் புதிய கேள்வியாக நிற்கும்.

இதோடு இணைந்த இன்னொரு மறுப்பு, உண்மை வேறு, விழுமியம் வேறு என்று பிரிப்பதே போலி என்பது. எந்த அட்டவணையை எடுத்தோம் என்பதிலேயே ஒரு சார்பு இருக்கிறது; சிசேரியனை எடுத்தவர் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். மூன்று கேள்விகளின் வரிசை உலகம் அப்படிப் பிரிந்திருக்கிறது என்பதற்காக வகுத்தது அல்ல. ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது அது எண்ணா, காரணமா, விருப்பமா என்று சொல்பவருக்கே தெரிய வேண்டும் என்பதற்காக வகுத்தது. அட்டவணையை யார், எதற்காகத் தயாரித்தார்கள் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டே தொடங்குங்கள்.

சிலபஸ் முடியாது என்பது ஆசிரியர்களின் நடைமுறைக் கவலை. ஐந்து பாடவேளைகளில் ஒன்றைக் கலந்துரையாடலுக்கு ஒதுக்கினால் போதும். மற்ற நான்கும் அதற்கு வேண்டிய பின்னணியைத் தரும் விரிவுரைகளாக இருக்கலாம். மாணவர்களே முணுமுணுப்பார்கள் என்பதையும் எதிர்பாருங்கள். ஹார்வர்டின் இயற்பியல் வகுப்புகளில் டெலோரியரும் சக ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் அதிக மதிப்பெண் பெற்றார்கள். ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். தெளிவான விரிவுரை புரிந்துவிட்டது என்ற உணர்வைத் தருகிறது. விவாதம் குழப்பத்தைத் தருகிறது. இதை முதல் வாரத்திலேயே மாணவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

நான் மருத்துவர் அல்லவே என்ற தயக்கம் பொருளியல், சமூகவியல், சமூகப்பணித் துறை ஆசிரியர்களுக்கு வரும். இந்த வகுப்பில் யாருக்கும் மருத்துவ ஆலோசனை சொல்லப் போவதில்லை. மருத்துவக் கேள்வி எழுந்தால் அதைக் கரும்பலகையில் தனியே எழுதிவைத்து, அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தின் மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்டுவரும் பொறுப்பை ஒரு மாணவரிடம் கொடுக்கலாம். அரசியல் ஆகிவிடுமே என்ற அச்சத்துக்கும் இந்த முறையிலேயே மருந்து உண்டு. தமிழகத்தின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2009-இல் ஒரு ஆட்சியில் தொடங்கி, ஆட்சி மாறிய பின் 2012-இல் வேறு பெயரில் தொடர்ந்தது. அதை யார் கொண்டுவந்தார் என்று பேசினால் சண்டை வரும். தகுதியுள்ள குடும்பங்களில் எத்தனை குடும்பங்களிடம் அட்டை இருக்கிறது, அட்டை இருந்தும் கைப்பணம் கொடுத்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் இரு தரப்பும் ஒரே தாளைப் பார்க்க வேண்டியிருக்கும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துக்கும் இதே கேள்விதான்: மாத்திரை பெற்றவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் எத்தனை பங்கு, அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் வந்தவர்கள் எத்தனை பங்கு.

மௌனம், அந்தரங்கம், மதிப்பெண்

கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ 1970-களில் தன் வகுப்பறை ஆய்வுகளில் கண்டார். அதை மூன்று நொடியாகவோ அதற்கு மேலாகவோ நீட்டியபோது பதில்கள் நீண்டன. வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். பதிலைத் தமிழிலோ, தமிழும் ஆங்கிலமும் கலந்தோ சொல்ல அனுமதியுங்கள். ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாத காரணத்தால் ஒரு நல்ல ஐயம் வாய்க்குள்ளேயே நின்றுவிடக் கூடாது.

உடலைப் பற்றிப் பேசும் வகுப்பில் அந்தரங்கத்துக்கு ஒரு விதி முதல் நாளே வேண்டும்: யாரும் தன் நோயையோ தன் வீட்டாரின் நோயையோ சொல்லக் கட்டாயமில்லை, ஆசிரியர் அதைக் கேட்கவும் கூடாது. ஹெச்.ஐ.வி. நிலையை ஒருவரின் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது என்பதை விதியோடு சேர்த்துச் சொன்னால் அதன் கனம் புரியும். மனநலம், தற்கொலை, கருக்கலைப்பு போன்ற பொருள்கள் வரும் வாரத்தை முன்கூட்டியே அறிவித்து, வர இயலாதவர் எழுத்தில் பங்கேற்க இடம் கொடுங்கள். சிசேரியன் வகுப்பில் ‘பெண்களுக்கு இப்போதெல்லாம் வலி தாங்கும் சக்தி இல்லை’ என்று யாராவது சொல்லக்கூடும். கண்டிப்பதற்கு முன், அது மூன்று கேள்விகளில் எதற்கு உரிய விடை, அதற்கு என்ன எண் வேண்டும் என்று கேளுங்கள். அப்படி ஓர் எண் தன்னிடம் இல்லை என்பதைச் சொன்னவரே ஒப்புக்கொள்ள வேண்டிவரும். எண் இல்லாத நிலையில் அந்த வாக்கியம் யாரைக் குற்றம் சொல்கிறது என்று அடுத்துக் கேட்கலாம்.

மதிப்பெண்ணை வாய்ப்பேச்சுக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் உரக்கப் பேசுபவருக்கே அது போகும். வகுப்பு முடிந்த மறுநாள் ஒரு பக்கக் குறிப்பு வாங்குங்கள். பத்து மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கலாம்: எண்ணையும் அதன் கீழ் எண்ணையும் சரியாகச் சொன்னதற்கு மூன்று, தான் நம்பும் காரணத்துக்கு மாற்றாக இன்னொரு காரணத்தை நேர்மையாக எடுத்துவைத்ததற்கு மூன்று, தன் முடிவால் யாருக்கு இழப்பு என்று சொன்னதற்கு இரண்டு, எந்தச் சான்று கிடைத்தால் தன் முடிவை மாற்றிக்கொள்வேன் என்று எழுதியதற்கு இரண்டு. எந்த முடிவுக்கு வந்தார் என்பதற்கு மதிப்பெண் இல்லை. இதை முதலிலேயே அறிவித்தால், ஆசிரியரின் கட்சியை ஊகித்து எழுதும் வேலை குறையும்.

செமஸ்டரின் கடைசி வாரத்தில், வகுப்பில் பேசாத ஒரு பொருளைப் பற்றி அன்று வந்த ஒரு நாளிதழ்ச் செய்தியைக் கொடுத்து, இருபது நிமிடத்தில் அதற்கு மூன்று கேள்விகளை எழுதச் சொல்லுங்கள். விடை வேண்டாம். பெரும்பாலோரின் முதல் கேள்வி ‘எத்தனை பேரில்?’ என்றும், இரண்டாவது ‘யாரோடு ஒப்பிட்டு?’ என்றும் இருந்தால் முறை பலித்திருக்கிறது. ‘அரசு ஏன் கண்டுகொள்ளவில்லை?’ என்பதே முதல் கேள்வியாக இருந்தால், அடுத்த ஆண்டு அட்டவணைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாடவேளை கொடுங்கள்.